சோத்துக்குக் கூப்பிட்டவர்கள்

வேங்கைமேட்டு ஜமீனுக்கு அவர்கள் வீட்டு மூத்த பிள்ளை செத்துப்போன செய்தியைச் சொன்னவன் நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாக, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே போன் போட்டுச் சொன்னேன். அந்தத் தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு அப்புறம் வசதியாக இருக்கும்.

பத்தொன்பது வருஷமாக ஆலங்காயத்திலிருந்து நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஆள் ஏறும், ஆடு ஏறும், சிமெண்ட் மூட்டை ஏறும், பிரசவத்துக்குப் போகிற பெண் ஏறும். பஸ் ஏதோ அதற்குத் தோன்றுகிறபோது வரும். ஜவ்வாது மலையில் பாறைக்கொல்லை என்கிற இருபத்திரண்டு வீட்டு ஊருக்கு அதுவும் கிடையாது. ஜீப்பே காட்டாற்றங்கரையோடு நின்றுவிடும். அப்புறம் அரைமைல் நடை, செங்குத்தாக.

அந்த ஊருக்கு நான் முதல்முறை போனபோது என்னை வரவேற்றது ஒரு வசவு. சாமைக் கொல்லை ஓரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தகர டின்னைத் தட்டிக் குருவி ஓட்டிக்கொண்டிருந்த ஆள், ஆற்றங்கரையில் நான் அடித்த ஹாரனுக்கு அங்கிருந்தே கத்தினார்.

"எவன்டா அவன்? ஆரன அமுக்காத! அந்தாண்ட கொல்லையில கீற குருவியெல்லாம் இந்தாண்ட வருது!"

அவர்தான் சிட்டு. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் பிறந்ததிலிருந்தே விளங்காது. பேச்சு கொஞ்சம் குழறும். மற்றபடி அந்த ஊரில் அவர் கண்ணில் படாமல் ஒரு கோழி முட்டையிட முடியாது. குருவி ஓட்டும் காலத்தில் பாறை, புளி உடைக்கும் காலத்தில் வாசல், இரண்டும் இல்லாத காலத்தில் அவர் இருந்த வீட்டுக்காரர் வேடியப்பனின் முதுகு. வேடியப்பன் அவரைச் சுமந்துகொண்டு கொல்லைக்குப் போவார், திருவிழாவுக்குப் போவார், தேன் எடுக்கும் இடத்துக்குக்கூடப் போவார். முதுகில் இருப்பவர் வாய் ஓயாது. "மெதுவா போடா எருமை, எனக்கு இன்னா வயிசு பதினாறா" என்பார். சுமக்கிறவர் பதிலே சொல்லமாட்டார்.

எட்டு வயதில் அவரை மலைக்குக் கொண்டுவந்து விட்டவர் அவருடைய அப்பா, பெரிய ஜமீன்தார். வேடியப்பனின் அப்பா அப்போது ஜமீன் புளியந்தோப்பில் காவல். "மலைக் காத்து பட்டா காலுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. தை போனதும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி, நாற்காலியோடும் ஒரு டிரங்குப் பெட்டித் துணியோடும் இறக்கிவிட்டுப் போனாராம். அந்தத் தை போய் முப்பத்தெட்டு தை ஆகிவிட்டது. இரண்டு பொங்கலுக்குப் புதுத்துணி வந்தது. மூன்றாவது பொங்கலுக்கு அதுவும் நின்றது. அந்த நாற்காலியை எந்த மழையிலோ கரையான் தின்றுவிட்டது.

வேடியப்பனுக்குக் கல்யாணமாகிப் பாஞ்சாலை அந்த வீட்டுக்கு வந்தபோது சிட்டுவுக்குப் பன்னிரண்டு வயது. முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டாராம். "சாப்புட இப்டியா கூப்புடுவாங்க? 'சிட்டு, ஆறிப்போவுது வா'ன்னு கூப்புடு. அப்பதான் சாப்புடுவேன்" என்று புதுப்பெண்ணுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். முப்பத்துநாலு வருஷமாகப் பாஞ்சாலை அப்படியேதான் கூப்பிட்டாள். நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் எங்கே எழுந்து வரப்போகிறார்? இவள்தான் தட்டோடு பாறைக்கு நடப்பாள். ஆனாலும் வா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆனந்தன் சிட்டுவின் தம்பி, நாலு வயது இளையவர், இப்போதைய ஜமீன். அரண்மனையின் முன்பக்கத்தைக் கல்யாண மண்டபத்துக்கு விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இருக்கிறார். ஆலங்காயத்தில் எப்போதாவது என்னைப் பார்த்தால் காரை நிறுத்தி "மேல எப்படி?" என்பார். அண்ணனைத்தான் கேட்கிறார் என்று தெரியாமல், 'மேல' என்றால் மழை என்று நினைத்து முதல்முறை மழையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படியொரு பாசம்.

இந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. சிட்டுவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. கொட்டுகிற மழையில் கம்பளி டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வேடியப்பனும் ஊர் ஆட்களும் ஆற்றங்கரைவரை வந்தார்கள். ஆறு இரண்டு ஆள் உயரத்துக்குப் போனது. நான் இந்தக் கரையில் ஜீப்போடு நின்றேன். தண்ணீர் வடியுமா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் விடிகாலை வேடியப்பன் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி எனக்குப் போன் போட்டார்.

"டிரைவரே, கோடித்துணி ஒண்ணு வாங்கியா. வேட்டி நல்லதா இருக்கட்டும்."

அவ்வளவுதான். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். பாறைக்கொல்லையில் அது ஒரு முறை. மூச்சு நின்றதிலிருந்து சோத்துக்குக் கூப்பிடும்வரை செத்தவர் பெயரை ஊரில் யாரும் உச்சரிக்கக் கூடாது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, கட்டிலில் கிடத்தியபிறகு, உரிமைக்காரர் ஒருவர் சாமைச்சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். உயிரோடு இருந்தபோது சாப்பிட எப்படிக் கூப்பிட்டாரோ அதே பேச்சில் மூன்று முறை கூப்பிடுவார். எழுந்திருக்கவில்லை என்றால் ஆள் போய்விட்டது உறுதி. உருண்டையைக் கையில் வைத்துக் கட்டிவிட்டுத் தூக்கலாம். கூப்பிட்டவர் எங்கே கொண்டுபோகச் சொல்கிறாரோ அங்கேதான் உடல் போகும். கூப்பிடத் தெரியாதவருக்கு உரிமை இல்லை. திருப்பூருக்குப் போய்ப் பதினைந்து வருஷம் கழித்து அப்பன் சாவுக்கு வந்த ஒரு மகன், கூப்பிட வாய் வராமல் நின்றதையும், பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்து கூப்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஆனந்தனுக்குப் போன் போட்டேன். பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாளே, அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

"அப்படியா," என்றார் ஆனந்தன். தொண்டையைச் செருமினார். அழுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார், "உங்ககிட்ட நல்ல போட்டோ ஏதாவது இருக்கா? முகம் தெளிவா தெரியற மாதிரி? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

போன வருஷத் திருவிழாவில் எடுத்தது இருந்தது. வேடியப்பன் முதுகில், காதோரம் செவ்வரளிப் பூ செருகிக்கொண்டு, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற படம். அனுப்பினேன். அது இரண்டாவது தப்பு.

மதியம் அவர்கள் வந்தார்கள். மழை அரித்த ரோட்டில் அவர்கள் கார் ஏறாது என்பதால் என் ஜீப்பையே கேட்டார்கள். முன்சீட்டில் ஆனந்தன். பின்னால் அவருடைய அம்மா அம்சவல்லி, ஊரார் ராணியம்மா என்பார்கள், எழுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டவர். கூட இரண்டு ஆட்கள். அவர்கள் மடியில் மாலைகள், ஒரு பட்டுத் தலைப்பாகை, துருப்பிடித்த ஒரு வாள். காலடியில் சுருட்டிய பேனர் ஒன்று. பேனர் எல்லாச் சாவுக்கும்தான் அடிக்கிறார்கள் என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் ஆனந்தன் பேசிக்கொண்டு வந்தார். "நாலு மணிக்குள்ள இறக்கிடணும். ஊர்ல தப்பட்டை சொல்லியாச்சு. அப்பா போனதுல இருந்து பன்னெண்டு வருஷமா கோயில் பரிவட்டம் எனக்குக் கட்டக்கூடாதுன்னு பங்காளிங்க தகராறு பண்றாங்க. மூத்தவன் இருக்கறப்ப இளையவனுக்கு எப்படின்னு. இன்னைக்கு ஊரே பாக்க அண்ணனுக்குக் கொள்ளி வச்சு, அந்த இடத்துலயே எனக்குத் தலைப்பாகை கட்டிட்டா முடிஞ்சுது."

"மூத்தவர் எங்க இருந்தாருன்னு அவங்களுக்குத் தெரியாதா சார்?"

"ஊட்டிப் பக்கம் ஒரு வைத்தியசாலைல இருக்கறதா அப்பா சொல்லி வச்சிருந்தார். அப்படியே இருக்கட்டும்."

ஜீப்பை ஓரங்கட்டி இறக்கிவிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தேன்.

ஆறு முழங்காலளவுக்கு வடிந்திருந்தது. அக்கரையில் கோடித்துணிக்காக வேடியப்பன் காத்து நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் ஆனந்தன், "அம்மாவால ஏற முடியாது. தூக்க ஆள் இருக்காங்களா?" என்றார். யார், எவர், எப்படி இருக்கிறீர்கள் என்ற பேச்சே இல்லை. வேடியப்பன் ஆற்றைக் கடந்து வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு முதுகைக் காட்டினார். ராணியம்மா தயங்கினார். அப்புறம் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கனக்கிறேனாப்பா?"

"உங்க புள்ளையவிட கம்மிதாங்க."

அந்த முதுகுக்கு ஒரே ஒரு நாள்கூட லீவு கிடையாதா என்று கேட்கத் தோன்றியது. கோடித்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அந்த இரண்டு ஆட்களையும் ஜீப்பை அலங்காரம் பண்ணச் சொல்லி ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிட்டு ஆனந்தனும் வந்தார்.

வாசலில் கயிற்றுக்கட்டிலில் சிட்டுவைக் கிடத்தியிருந்தார்கள். நான் கொடுத்த கோடியைப் போர்த்தினார்கள். புளிக்கறை ஏறிக் கறுத்த விரல்கள் எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் வெளுக்கவில்லை. சாமைச்சோறு ஆக்கி இறக்கியிருந்தது. மொச்சைக் குழம்பு அடுப்பில் கொதித்தது. அவருக்குப் பிடித்தது. பாஞ்சாலை அழுது முடித்து அடுப்பங்கரையில் நின்றிருந்தாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனந்தன் கும்பிட்டார். "அம்மா, இத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டதுக்கு எங்க குடும்பம் ரொம்பக் கடமைப்பட்டிருக்கு. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

"இனிமேவா?" என்றாள் பாஞ்சாலை. "இனிமே பாத்துக்கறதுக்கு இன்னாங்க கீது? மூச்சு இருக்கறப்ப வந்திருந்தா பாத்துக்கினு இருக்கலாம்."

"அப்ப சூழ்நிலை அப்படி. அண்ணனுக்கு ஊர்ல முறைப்படி எல்லா மரியாதையும் செய்யணும். ராஜ குடும்பம்."

"ராஜ குடும்பமா? இங்க எட்டு வயிசுல வந்த புள்ளைக்கு ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக்கூடத் தெரியாது. பயந்துக்கினு அடக்கி வச்சிக்குமாம். எங்க மாமியா தூக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்கும். அப்ப எங்க இருந்துச்சு ராஜ குடும்பம்?"

"நான் அப்ப நாலு வயசுக் குழந்தைங்க."

"இப்ப இன்னா வயிசு?"

ஆனந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேக்கறன்ல? நாலு வயிசுலயே நின்னுட்டீங்களா? போன வருசம் முதுகுல புண்ணு வந்துச்சு. ஒக்காந்தே கெடந்தா வரும்னு நர்சம்மா சொல்லிச்சு. நாப்பது நாளு மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சிப் போட்டேன். ராத்திரி பகலா திருப்பித் திருப்பிப் போட்டோம். அந்தப் புண்ணு எந்தப் பக்கம்னு சொல்லுங்க. வலதா எடதா? சொல்லிட்டுத் தூக்கிக்கினு போங்க, நான் வழி வுட்டுடறேன்."

ஊர் நாட்டாமை மாதையன் எழுந்து நடுவில் வந்தார். "பாஞ்சாலை, இரும்மா. இன்னா செய்யலாம்ங்கற?"

"முறைப்படி நடக்கட்டும் மாமா. உரிமைக்காரங்கன்னு வந்துகீறாங்கள்ல? சோத்துக்குக் கூப்புடட்டும். கூப்புடத் தெரிஞ்சா கொண்டுபோவட்டும். தெரியலைன்னா நான் கூப்புட்டு, கொல்லையில அந்தப் பாறைக்குப் பக்கத்துலயே வச்சிக்கறேன்."

நாட்டாமை முறையை விளக்கினார். ஆனந்தன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்கிற சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகில் போய், கை கூப்பி, மேடைப் பேச்சுக் குரலில் ஆரம்பித்தார்.

"மூத்த இளவரசர் ராஜ விஜயரங்க பூபதி அவர்களே, உணவருந்த வாருங்கள்."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரித்ததற்கு அவர்களை யாரும் அதட்டவில்லை.

"சோத்துக்கு இப்டியாங்க கூப்புடுவாங்க?" என்றார் மாதையன் மெதுவாக. "அவரு காதுல வுழுந்தா தெரியணும், நம்மளத்தான் கூப்புடறாங்கன்னு."

ஆனந்தன் திரும்பி என்னைப் பார்த்தார். கிட்டே வந்து, "டிரைவர், இவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? உங்களுக்குத் தெரியும்ல?" என்று முணுமுணுத்தார்.

"ஞாபகம் வரல சார்," என்றேன். கர்த்தர் மன்னிப்பார். மன்னிக்காவிட்டாலும் அந்தப் பொய்யை மறுபடியும் சொல்வேன்.

பாஞ்சாலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோற்றுப் பானையிடம் போனாள். ஜெயித்துவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான், அதுவரை கல்லின்மேல் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்த ராணியம்மா வாயைத் திறந்தார்.

"என்னைக் கொஞ்சம் பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போங்க."

வேடியப்பன் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கட்டிலருகில் தரையில் உட்காரவைத்தார். கிழவி பிள்ளையின் கறுத்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நெற்றியைத் தடவினார். பாஞ்சாலையிடம் கையை நீட்டினார். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலேயே அவள் உருண்டையை அந்தக் கையில் வைத்தாள்.

"சிட்டு," என்றார் ராணியம்மா. "சிட்டு, ஆறிப்போவுது வா."

அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை குரல் உடைந்துவிட்டது. அதே பேச்சு, அதே இழுப்பு. சின்ன வயதில் காதில் விழுந்ததைத்தான் அந்த ஆள் தூக்கிக்கொண்டு வந்து, வந்த மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அவள் வாயிலிருந்து முப்பத்துநாலு வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பாஞ்சாலையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தனக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைத்திருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அதுவும் உன்னுதுதானா?" என்றாள். குரல் மேலே ஏறிக்கொண்டே போனது. "கூப்புடற பேச்சு ஞாபகம் கீது. வழி மட்டும் மறந்துபோச்சா? தெனம் அதச் சொன்னாதான் சாப்புடும். நீ கூப்புடறன்னு நெனச்சிக்கினு சாப்புட்டுச்சே அது! எனக்குத் தெரியாமப் போச்சே!"

"அவர் இருந்தவரைக்கும் என்னை வாசப்படி தாண்டவிடலம்மா."

"அவரு செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சாமே. ஒரு வாசப்படியத் தாண்ட ஒரு பொம்பளைக்குப் பன்னெண்டு வருசமா?"

ராணியம்மா கையிலிருந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாஞ்சாலை, கூப்புட்டுட்டாங்கம்மா."

"இது நாயமா மாமா?"

"நாயம் இல்ல. ஆனா முறை. நீதானம்மா முறைப்படி நடக்கட்டும்னு சொன்ன." அவர் ராணியம்மாவிடம் குனிந்தார். "எங்க கொண்டுபோவணும், சொல்லுங்க."

கிழவி மகனைப் பார்த்தார். ஆனந்தன், "சொல்லுங்கம்மா, நேரமாகுது," என்றார். ராணியம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ஊருக்கு" என்றார். இத்தனை வயதிலும் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வாய் திறக்கிற பழக்கம் போகவில்லை.

உருண்டையைச் சிட்டுவின் கையில் வைத்துத் துணியால் கட்டினார்கள். பாடை கட்ட மூங்கில் எடுத்தவர்களை வேடியப்பன் தடுத்தார். "வாணாம். நானே தூக்கியாறேன்." முதுகில் ஏற்ற முடியாது, உடம்பு விறைத்துப்போயிருந்தது. இரண்டு கையிலும் ஏந்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் சுமந்ததில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுமந்தது அன்றைக்குத்தான். ராணியம்மாவை நான் முதுகில் ஏற்றிக்கொண்டேன். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. பாஞ்சாலை வரவில்லை. அடுப்பில் இருந்த குழம்பை அப்படியே வாசலில் கவிழ்த்தாள்.

ஆற்றங்கரையில் என் ஜீப்பை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முன்பக்கம் முழுக்க மாலை. அதற்குமேல் ஆறடி உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டிய பேனர். 'வேங்கைமேட்டு ஜமீன் மூத்த இளவரசர்' என்று தங்க எழுத்து. கீழே பட்டுடுப்பும் தலைப்பாகையும் போட்டு, வலது கையில் வாளைப் பிடித்துக்கொண்டு, பளபளக்கிற பூட்ஸ் காலை அகட்டி வைத்து ஒரு ராஜா நின்றார். முகம் சிட்டுவுடையது. நான் அனுப்பிய படம். காதோரத்துச் செவ்வரளியைக்கூட எடுக்கத் தெரியாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

வேடியப்பன் தண்ணீரில் இறங்கப்போன காலை எடுத்துக்கொண்டார்.

"இது யாரு டிரைவரே?"

ஆனந்தன் முந்திக்கொண்டார். "அண்ணன்தான். கம்ப்யூட்டர்ல பண்ணது. நல்லா வந்திருக்குல்ல?"

"நிக்கிறாரே."

"ஊரே பாக்கும்லப்பா. உள்ளபடியே எப்படிப் போடறது? பார்க்க ஒரு மரியாதையா இருக்க வேணாமா?"

"மரியாதையா?" என்றார் வேடியப்பன். அந்த ஆள் இரண்டு வார்த்தைக்குமேல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார். "முப்பத்தெட்டு வருசம் நான் தூக்கினு திரிஞ்சேன். தேனெடுக்கப் போனேன், திருவிழாவுக்குப் போனேன். எவனும் சிரிக்கல. சிரிச்சா அதுவே வாயாலக் கிழிச்சிடும். அதுல இன்னா மரியாத கொறஞ்சிப்போச்சி? செத்தப்புறமும் காலு வச்சாதான் உங்கூட்டுப் புள்ளையா? இந்தக் காலோட ஊருக்குள்ள வரக்கூடாதா இவன்?"

"நீ ரொம்பப் பேசற. கொண்டுவந்து வண்டில வை."

"நாட்டாமை," என்று வேடியப்பன் திரும்பினார். "ஊருக்குக் கொண்டுபோவச் சொன்னது யாரை?"

மாதையன் பேனரைப் பார்த்தார். வேடியப்பன் கையில் இருந்ததைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார், "நாம கூப்புட்டது இவர. அந்தாளத்தான் ஊருக்குக் கொண்டுபோறாங்கன்னா, அவர இங்க யாரும் கூப்புடல."

"அப்ப நிக்கிறவர நீங்க கொண்டுபோங்க," என்று ஆனந்தனிடம் சொல்லிவிட்டு வேடியப்பன் வந்த வழியே ஏற ஆரம்பித்தார்.

ஆனந்தன் கத்தினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். போனை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார். "சிக்னல் இங்க கிடைக்காது சார். அதோ அந்தப் பாறைமேல ஏறினா ஒரு கோடு வரும்," என்று வழி காட்டினேன். "நீ வண்டிய எடு, நாம போய் ஆளோட வரலாம். அம்மாவை இறக்கு," என்று என்மேல் பாய்ந்தார்.

நான் குனிந்தேன். முதுகில் இருந்த கிழவி இறங்கவில்லை. என் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவர் பேனரையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், முகம் எனக்குத் தெரியவில்லை. காதுக்குப் பக்கத்தில் மூச்சு மட்டும் பட்டது.

"திரும்பு," என்றார்.

"அம்மா!" என்றார் ஆனந்தன்.

"திரும்பு டிரைவரு. மேல போ."

போனேன். அரைமைல் ஏற்றம். ஒன்றும் கனக்கவில்லை என்று சொன்னால் பொய். கனத்தது. வேடியப்பனின் முதுகைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

சாமைக் கொல்லை ஓரத்தில், அந்தப் பாறைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். வேர்கள் குறுக்கே வந்தன, வெட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. தகர டின்னைக் காலடியில் வைத்தார்கள். பாஞ்சாலை குழியருகில் நின்று ஒன்றும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாகிவிட்டதே.

ராணியம்மா ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு, பெற்றவள் என்கிற நினைப்பில் முதலில் கையை நீட்டினார். பாஞ்சாலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. விடவும் இல்லை.

"கடைசியா வந்தவங்க கடைசியா போடுங்க."

வேடியப்பன் போட்டார். பாஞ்சாலை போட்டாள். இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் வரிசையாக வந்து போட்டார்கள். கைக்குழந்தை கையில் மண்ணை வைத்து அம்மாக்கள் போடவைத்தார்கள். நானும் போட்டேன். குழி நிறைந்து மேடு தட்டியபிறகுதான் ராணியம்மாவின் முறை வந்தது. அதுவரை அவர் ஈரத் தரையில் உட்கார்ந்து, பிடித்த மண்ணைப் பிடித்தபடி காத்திருந்தார். அது விரலிடுக்கில் உதிர்ந்து பாதிதான் மிஞ்சியிருந்தது.

ராணியம்மாவைச் சுமந்துகொண்டு நான் இறங்கியபோது ஆனந்தன் ஜீப்பில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு முன்னால் பேனரை அவிழ்த்து ஆற்றங்கரையில் வீசினேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கீழே இன்னொன்று அடித்துக்கொண்டார். தர்ப்பையால் ஆள் மாதிரி செய்து, அதைப் பல்லக்கில் வைத்துத் தப்பட்டையோடு கொண்டுபோய்க் கொளுத்தி, அங்கேயே தலைப்பாகை கட்டிக்கொண்டார். பொங்கல் திருவிழாவில் பரிவட்டமும் அவருக்குத்தான். பங்காளிகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ராணியம்மா அந்தக் கொளுத்துதலைப் பார்க்க வாசலுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அது அவருக்குப் பழக்கமான வாசல்படிதான் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மாசியில் புளி ஏற்றப் பாறைக்கொல்லைக்குப் போனேன். ஆற்றங்கரையிலிருந்து பழக்கதோஷத்தில் ஹாரனை அமுக்கிவிட்டேன். யாரும் திட்டவில்லை. அந்த அரைமைலும் எனக்கு அது உறைத்துக்கொண்டே வந்தது.

வாசல் முழுக்கப் புளி காய்ந்தது. உடைத்து, கோது நீக்கி, கொட்டை எடுத்த புளி. வேடியப்பன் தனியாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலை வெறுங்காலோடு புளிக்கு நடுவில் நடந்து, காலாலேயே கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அடியில் விரித்திருந்தது பளபளப்பாகத் தெரிந்தது. அந்தப் பேனர்தான். பட்டுடுப்பு, வாள், அகட்டி வைத்த பூட்ஸ் கால் எல்லாம் புளிக்கு இடையில் அங்கங்கே தெரிந்தன. கழுத்துக்குமேல் மட்டும் வட்டமாகக் கத்தரித்த ஓட்டை. நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்குள் சுவரில், செவ்வரளிப் பூவோடு, சிட்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடையை எடுக்க அந்தப் பக்கம் போக வேண்டும். வேறு வழியில்லை, வாசலே அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்றேன். காலைத் தூக்கினேன், வைக்க மனம் வரவில்லை.

"இன்னாண்ணா, அங்கயே நின்னுக்கினே?" என்றாள் பாஞ்சாலை.

"இல்ல… கால்மேல மிதிக்கணுமேன்னு."

அவள் புளியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. பளபளக்கிற பூட்ஸின்மேல் குதிகாலை ஊன்றித் திரும்பினாள்.

"மிதிச்சிக்கினு வாண்ணா. அது எங்க புள்ள காலு இல்ல."